தாராவியிலிருந்து மகாலட்சுமி வரை: நாய்க் கண்காட்சிக்குப் புதியவரின் பாதை

மும்பையில் தமிழர் பெருந்தொகையாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று அருகருகே அமைந்திருந்தாலும், குடியேறியவர்களின் வரலாற்றாலும் வீடுகளின் அமைப்பாலும் வாழ்க்கை முறையாலும் பெரிதும் வேறுபட்டவை. நாய்க் கண்காட்சித் துறையில் புதிதாக அடியெடுத்து வைக்க விரும்பும் மும்பைத் தமிழர், அத்துறையைப் பற்றி முதலில் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதியை இம்மூன்று பகுதிகளையும், இவற்றிலிருந்து எட்டிவிடும் தொலைவில் உள்ள பரேலையும் மகாலட்சுமியையும் சுற்றிவரும் பயணத்திலேயே கண்டுகொள்ள முடியும். நாய் வாங்குவதற்கு முன்பே செய்யத்தக்க பயணம் இது. அந்த வரிசையை மாற்றி, முதலில் நாயை வாங்கிவிட்டுப் பிறகு கற்கத் தொடங்குவோரே இத்துறையில் விரைவில் சலிப்படைந்து விலகுகின்றனர்.

நாய்க் கண்காட்சி என்பது அழகிப் போட்டியைப் போன்றது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது இனவிருத்திக்குத் தகுதியான விலங்குகளை அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட தேர்வுமுறையாகும். ஒவ்வோர் இனத்துக்கும் ‘இனத் தரக்குறிப்பு’ எனப்படும் எழுத்து வடிவிலான விளக்கம் உண்டு; தலையின் வடிவம், கண்ணின் நிறம், காது அமைந்திருக்கும் இடம், தோள்பட்டையின் சாய்வு, மார்பின் ஆழம், வாலின் நீளம், மயிர்ப்போர்வை, உயரம், நடை, இயல்பு ஆகியவற்றோடு ஏற்கத்தகாத குறைகளும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயோடு நேரடியாக ஒப்பிடுவதைவிட, ஒவ்வொன்றையும் அந்த எழுதப்பட்ட வடிவத்தோடு ஒப்பிட்டு, அதற்கு மிக நெருங்கி நிற்பது எது என்று முடிவு செய்கிறார். இம்முறை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859 ஜூன் மாதம் நடந்த கண்காட்சியிலிருந்து வளர்ந்தது. பாயின்டர், செட்டர் என்னும் வேட்டைத்துணை நாய்கள் மட்டுமே அதில் கலந்துகொண்டன. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றி, வம்சாவளிப் பதிவையும் கண்காட்சி விதிகளையும் ஒழுங்குபடுத்தியது. 1911-இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து சேர்ந்து பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.-யை நிறுவின. இந்தியாவில் இப்பணியை மேற்கொள்ளும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருப்பது தமிழர்கள் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

பயணத்தைத் தாராவியில் தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழகத்தவர் இங்கு வந்து குடியேறினர். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும் 1913-இல் கட்டப்பட்ட விநாயகர் கோயிலும் அப்பகுதியின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. தொண்ணூறு அடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் இட்லிக் கடைகளும் தமிழ் நாளிதழ்களும் இன்றும் காணப்படுகின்றன. அங்கு வாழ்வோரில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும் நாகர்கோவில் ரயில் கடந்து செல்லும் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரமும் அதற்கு மேற்கே உள்ள ராஜபாளையமும் இந்தியாவின் புகழ்பெற்ற நாட்டு நாயினங்கள் சிலவற்றின் தாயகமாகும். எனவே தாராவித் தமிழருக்கு நாய்க் கண்காட்சி என்பது அயல்நாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்காக மட்டும் தோன்ற வேண்டியதில்லை. அங்கே நிறுத்திப் பார்க்கப்படும் நாய்களில் சில, அவர்களின் பாட்டனார்கள் கரிசல்காட்டில் முயல் விரட்டிய நாய்களின் வம்சமேயாகும்.

அந்த இனங்களை இங்கே சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும். ராஜபாளையம் நாய் உயர்ந்த, எலும்புறுதி மிக்க, வெண்ணிறமான காவல் நாய். இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்களும் அதன் அடையாளங்கள். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இரண்டும் பார்வையால் இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கும் வேகநாய்கள். நீண்ட தலை, ஆழ்ந்த மார்பு, உள்ளடங்கிய வயிறு, மெல்லிய நீள்கால்கள் என்ற உடலமைப்பு இவற்றுக்குப் பொதுவானது. கருமையும் அதனோடு சேர்ந்த பழுப்பும் உடையவற்றைக் கன்னி என்றும், பிற நிறத்தவற்றைச் சிப்பிப்பாறை என்றும் வேறுபடுத்துவது வழக்கம். தேனி மாவட்டத்தின் கோம்பை நாய் உயரம் குறைந்து, திரண்ட தசையோடு, செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்டது. மகாராஷ்டிரமும் வடகர்நாடகமும் தங்கள் பங்குக்குக் காரவான், முதோள் என்ற வேகநாய்களை வளர்த்துள்ளன. இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் முதோளும் இடம்பெற்றன. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இவ்வளவு பெருமைக்குரிய இனங்கள் ஏன் அருகின என்ற வினாவுக்கு விடை கண்டால், கண்காட்சியின் தேவையும் விளங்கிவிடும். வேகநாயின் உடலமைப்பை நூற்றாண்டுகளாகக் காத்துவந்தது வேட்டையே: வேகமாக ஓடாத நாயிடமிருந்து யாரும் குட்டி எடுக்கவில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிர்களைக் காப்பதற்கு அது இன்றியமையாத சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேட்டை நின்றவுடன் அந்த இயற்கையான தேர்வுமுறையும் நின்றது. சமீன்களின் ஆதரவும் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. நகரங்களில் அயல்நாட்டு நாய்கள் மீதான மோகம் பெருகியது. வேட்டைக்களம் செய்துவந்த தேர்வை இன்று கண்காட்சிக் களமும் பொறுப்புள்ள வளர்ப்பாளரும் சேர்ந்தே செய்ய வேண்டியுள்ளது. இதனால்தான் நாட்டு நாயோடு கண்காட்சிக்கு வரும் புதியவர், பரிசு வென்றாலும் வெல்லாவிட்டாலும், ஓர் இனத்தின் தொடர்ச்சிக்குத் தம் பங்கைச் செலுத்தியவராகிறார்.

ஆனால் தாராவியே எதிர்த்திசையிலும் ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வாழும் சந்தில் சிப்பிப்பாறை நாயைக் கட்டிவைப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமையாகும். நாள்தோறும் முழுவேகத்தில் ஓடுவதற்கு இடமில்லாத வேகநாய் தசை தளர்ந்து, மனம் இறுகி, அச்சமோ சினமோ கொண்டதாகிவிடுகிறது. இடமில்லாதவருக்கு இத்துறையின் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. களத்தில் நாயை நிறுத்தி நடத்திக் காட்டுபவர் ‘ஹேண்ட்லர்’ எனப்படுகிறார். உரிமையாளரே அப்பணியைச் செய்யலாம், பயிற்சி பெற்ற வேறொருவரும் செய்யலாம். இந்தியக் கண்காட்சிகளில் இதைத் தொழிலாகவே மேற்கொண்ட ஹேண்ட்லர்கள் உள்ளனர். நாயின் உடல்மொழியைப் படிக்கும் கண்ணும் பொறுமையான கையும் உள்ள இளைஞர், அனுபவமிக்க ஹேண்ட்லரிடம் உதவியாளராகச் சேர்ந்து, நாய்களைக் குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் கற்று, சொந்த நாய் இல்லாமலேயே இத்துறையில் உயரலாம்.

தாராவியிலிருந்து சயான் ரயில் நிலையம் செல்லும் சாலையோரம் தோல்பொருள் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் பின்னேயுள்ள சிறு பட்டறைகளில் தோலை நீளவாட்டில் வகிர்ந்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, மெழுகு பூசிய நூலால் தைத்துப் பெல்ட்டும் பையும் செய்கின்றனர். கண்காட்சியில் பயன்படும் ‘ஷோ லீட்’ எனப்படும் கழுத்துவாரும் இத்தகைய கைத்திறனையே வேண்டுவது. சாதாரணச் சங்கிலியைப் போலன்றி அது மெல்லியதாக, கழுத்துப்பட்டியும் பிடிவாரும் ஒன்றாக இணைந்ததாக, நாயின் நிறத்தோடு ஒன்றிக் கழுத்தின் வளைவை மறைக்காததாக இருக்க வேண்டும். கனமான வாரைப் பிடித்து நாயை இழுத்து நடத்தினால் தோளின் அசைவு கெட்டுவிடும் என்பதால், இச்சிறு பொருளுக்குக் களத்தில் பெரிய இடம் உண்டு.

சயானிலிருந்து அடுத்த நிலையமான மாட்டுங்காவுக்குள் நுழைந்தவுடன் காட்சி மாறிவிடுகிறது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய அகன்ற தெருக்களும் ஐந்து தோட்டங்களும் இப்பகுதிக்கு இன்றும் அழகூட்டுகின்றன. பூக்கடைகளும் வடிகட்டிய காபியின் மணமும் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் நூறாண்டு வாழ்வைச் சொல்கின்றன. இங்கு நாய் வளர்ப்பவரின் முதல் கவலை அடுக்ககச் சங்கத்தைப் பற்றியது. குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களை முற்றாகத் தடைசெய்ய இயலாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவுபடுத்துகிறது. அதே வேளையில் மாநகராட்சியிடம் நாய்க்கு உரிமம் பெறுவதும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கைவசம் வைத்திருப்பதும், பொது இடத்தைத் தூய்மையாக வைப்பதும் வளர்ப்பவரின் கடமைகள். தாராவி ‘ஜி வடக்கு’ வட்டத்திலும், மாட்டுங்கா ‘எஃப் வடக்கு’ வட்டத்திலும், செம்பூர் ‘எம் மேற்கு’ வட்டத்திலும் அடங்குவதால், உரிமம் பற்றி அந்தந்த வட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கண்காட்சிக்கான குட்டியைத் தெரிவு செய்வதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். ‘சாம்பியன் லைன்’ என்ற சொல்லாலும் இணையத்தில் காட்டப்படும் படங்களாலும் மயங்கி முன்பணம் கொடுப்பவருக்கு, ‘பேப்பர் பிறகு வரும்’ என்ற வாக்குறுதியே மிஞ்சுவதுண்டு. கென்னல் கிளப் பதிவுச் சான்றிதழில் தந்தை, தாய் நாய்களின் பெயர்களும் பதிவெண்களும் முன்னோர் வரிசையும் இருக்கும். குட்டி கைமாறும்போது உரிமை மாற்றம் வாங்குபவரின் பெயருக்குப் பதிவாக வேண்டும். நாயின் தோலடியில் செலுத்தப்படும், அரிசிமணி அளவேயான மின்னணுச் சில்லில் உள்ள 15 இலக்க எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று படிப்பான் கருவியால் சரிபார்த்த பின்னரே பணம் கொடுப்பது முறை. நாய் இனவிருத்தி, விற்பனை குறித்து 2017-இல் வந்த மத்திய அரசின் விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளின் விற்பனையைத் தடுக்கின்றன. அவ்வயதுக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி மற்ற நாய்களோடு பழகும் பாங்கைக் கற்காமல் போவதே இதற்குக் காரணம். தாயை நேரில் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்கக் கூடாது. வெண்ணிற ராஜபாளையக் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. ஆதலால் ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து, அதன் பார்வைக்கு அப்பால் நின்று ஓசை எழுப்பிப் பார்ப்பதும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் இன்றியமையாதவை.

மாட்டுங்காவிலிருந்து தெற்கே பரேலை அடையும் பயணி, நாய்க்கும் இந்நகருக்கும் உள்ள பழைய உறவின் தடயங்களைக் காண்கிறார். தெருநாய்களைக் கொல்லும் அரசாணையை எதிர்த்து 1832 ஜூனில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர். நாயைப் புனிதமாகக் கருதும் அவர்களின் சமய உணர்வே அக்கலகத்தின் வேர். அதே சமூகத்தைச் சேர்ந்த தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால் 1883-இல் பரேலில் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை எழுந்தது. 1886-இல் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில் தொடங்கியது. கண்காட்சிக்குச் செல்லும் நாய் நூற்றுக்கணக்கான நாய்களின் மூச்சுக்காற்றுக்கு அருகே நிற்கப்போகிறது. ஆகவே பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய நோய்களுக்கான தடுப்பூசிகளை முறையாக முடிக்காத குட்டியைத் திடலுக்குக் கொண்டுசெல்வது அதன் உயிரோடு விளையாடுவதாகும். முதல் பதக்கத்தைவிட முதல் தடுப்பூசி அட்டையே புதியவர் பெருமையோடு காட்டத்தக்க ஆவணம்.

மேற்கு ரயில்பாதையில் உள்ள மகாலட்சுமியின் குதிரைப் பந்தயத் திடல் 1883-ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருவது. பம்பாயின் நாய்க் கண்காட்சிகளும் அங்கு நடந்துள்ளன. இந்தியாவில் கண்காட்சிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்காலத்திலேயே நடக்கின்றன. உதகமண்டலத்தில் மே மாதத்தில் நடைபெறும் புகழ்பெற்ற கண்காட்சி மலைக்குளிர் காரணமாக அமைந்த விதிவிலக்கு. கண்காட்சிக்குப் பல வாரங்களுக்கு முன் நடத்தும் சங்கம் அறிவிப்பை வெளியிடும். எந்த நடுவர் எந்த இனத்தைப் பார்ப்பார், நுழைவுப் படிவம் எந்நாளுக்குள் சேர வேண்டும் என்பவை அதில் இருக்கும். புதியவர் முதல் முறை பார்வையாளராகவே செல்வது நல்லது. கையில் அட்டவணைப் புத்தகத்தோடு, தமக்கு விருப்பமான இனம் நிற்கும் களத்தின் ஓரத்தில் காலை முதல் அமர்ந்து, நடுவர் அறிவிக்கும் முன் தாமே மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்து, பின் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று சிந்திப்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. உரிமையாளர்களிடம் பேச விரும்புவோர், அவர்கள் களத்தினின்று வெளியே வந்து நாய்க்குத் தண்ணீர் காட்டிய பிறகே அணுக வேண்டும்; உள்ளே செல்லக் காத்திருப்பவரின் நாயைத் தடவிக் கொடுப்பது அதன் கவனத்தைச் சிதறடிக்கும்.

‘ரிங்’ எனப்படும் கயிறு கட்டிய களத்துக்குள் நடப்பதை அருகிலிருந்து நோக்கினால், ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் இருப்பது தெரியும். ஹேண்ட்லர் நாயைத் தம் இடப்பக்கத்தில் வைத்து, நடுவரைச் சுற்றி இடஞ்சுழியாக மிதவேக ஓட்டத்தில் அழைத்துச் செல்கிறார். நாயின் உடல் எப்போதும் நடுவருக்கும் ஹேண்ட்லருக்கும் இடையில் இருப்பதற்காகவே இந்த ஒழுங்கு. பிறகு நாயை ‘ஸ்டேக்’ செய்கின்றனர்: முன்கால்கள் தோளுக்கு நேர்கீழே செங்குத்தாகவும், பின்கால்கள் கணுவுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக அமையும்படி சற்றுப் பின்தள்ளியும், தலை நிமிர்ந்தும் இருக்குமாறு நிறுத்துவதே அச்சொல்லின் பொருள். கன்னி நாயொன்றின் முன் வரும் நடுவர், நேர்முன்னிருந்து அணுகித் தம் கையை அது முகர்ந்தறிய விடுகிறார். உதட்டை மெல்ல உயர்த்தி, மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களின் மேல் கத்தரிக்கோல் அலகுபோல் நெருங்கிப் படிகின்றனவா என்று பார்க்கிறார். கழுத்திலிருந்து தோள்மேடு, விலா, முதுகு, இடை, தொடை என்று உள்ளங்கை தடம் பிடித்துச் செல்கிறது. ஆண்நாயெனில் விரைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா என்பதும் உறுதிசெய்யப்படுகிறது. அதன்பின் நாய் நேராகச் சென்று நேராகத் திரும்பி வர வேண்டும். போகும்போது பின்கால்களின் நேர்மையும் வரும்போது முன்கால்களின் நேர்மையும் சுற்றி ஓடும்போது பக்கவாட்டு வீச்சும் கணிக்கப்படுகின்றன. அந்நியரின் கையைத் தாங்காமல் கூசி ஒடுங்குவதோ கடிக்கப் பாய்வதோ எவ்வளவு அழகிய நாயையும் வெளியேற்றிவிடும்.

போட்டி படிப்படியாக உயர்வது. குட்டிகள், இளையவை, இந்தியாவில் பிறந்தவை, அனைவருக்கும் திறந்தது என்று வயதையும் தகுதியையும் ஒட்டி வகுப்புகள் உண்டு. ஓரினத்தின் வகுப்பு வெற்றியாளர்களிலிருந்து சிறந்த ஆணுக்கும் சிறந்த பெண்ணுக்கும் ‘சேலஞ்ச் சர்டிபிகேட்’ வழங்கப்படுகிறது. வெவ்வேறு நடுவர்களிடமிருந்து குறித்த எண்ணிக்கையில் அச்சான்றுகளைப் பெற்ற நாய் ‘சாம்பியன்’ பட்டம் அடைகிறது. பல நடுவர் என்ற நிபந்தனை, ஒருவரின் தனி விருப்பம் பட்டத்தைத் தீர்மானிக்காதிருக்க வகுத்த காப்பு. இனத்தில் சிறந்தது, அடுத்து அந்த இனம் சேர்ந்த தொகுதியில் போட்டியிடுகிறது. இறுதியில் தொகுதி வெற்றியாளர்களிலிருந்து கண்காட்சியின் சிறந்த நாய் தெரிவாகிறது. மும்பைத் தெருக்களின் இயல்பான கலப்பு நாய்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. இனத் தரக்குறிப்பு இல்லாததே காரணம், அவற்றின் மதிப்பு குறைந்தது என்பதன்று. தத்தெடுத்த நாயோடு கீழ்ப்படிதல் பயிற்சியில் ஈடுபடுவோர் கண்காட்சிக்காரரைவிட எவ்வகையிலும் தாழ்ந்தவர் அல்லர்.

பயணத்தின் கடைசி நிலையமான செம்பூர், துறைமுக ரயில்பாதையில் உள்ளது. சேடா நகர் முருகன் கோயிலையும் செம்பூர் நுண்கலைக் கழகத்தையும் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மரநிழல் மிக்க தெருக்களும் காலைநேர அமைதியும் வாய்த்திருக்கின்றன. கண்காட்சியின் உண்மையான உழைப்பு நடக்க வேண்டிய இடம் இத்தகைய தெருவே. குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போதே, நாள்தோறும் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கவும், வாயைத் திறந்து காட்டவும், வீட்டாரல்லாதவர் தொடும்போது அமைதி காக்கவும் பழக்கலாம். கட்டளை தமிழிலேயே இருக்கலாம்: ‘நில்’ என்று எப்போதும் ஒரே குரலில் சொல்வதுதான் தேவை. தடுப்பூசிகள் முடிந்த பின் ஆட்டோ ஓசைக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்த வேண்டும். மும்பையின் ஈரப்பத வெப்பத்தில் பகல்நேரப் பயிற்சி ஆபத்தானது. குறிப்பாகப் பக், புல்டாக் போன்ற குறுமூக்கு நாய்களுக்கு அது உயிரையே பறிக்கக் கூடும். சென்னைக் கண்காட்சிக்குச் செல்ல விரும்புவோர், ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியின் தனியறையை முழுமையாகப் பதிவு செய்தே நாயை உடன் கொண்டுசெல்ல முடியும் என்பதையும், மற்றபடி அது கார்டு பெட்டியின் கூண்டில் பயணிக்க நேரிடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மும்பையில் இடவசதியும் நேரமும் உள்ள தமிழ்க் குடும்பம் கண்காட்சிக்கென நாய் வளர்க்க எண்ணினால், கடல்கடந்த இனங்களைத் தேடுமுன் ராஜபாளையத்தையும் கன்னியையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வெப்பத்துக்கு இயைந்த உடலோடு பிறந்தவை அவை. வசதியில்லாதவர் உதவியாளராகவும் ஹேண்ட்லராகவும் களத்துக்கு வரட்டும். அத்தகைய கைகள் இத்துறைக்கு என்றும் தேவை. தோற்ற நாள் மாலையிலும் அதே அன்போடு நாய்க்குச் சோறு வைக்க இயலும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் மட்டும் நுழைவுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதி இல்லாதவர் பார்வையாளராகவே இருப்பது நாய்க்கும் நல்லது, அவருக்கும் நல்லது.